பின்னேரம் ஐந்து, பகல் பன்னிரண்டரை

தை மாதம் பிறந்து சில நாட்களில் டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்தில் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஒருமுறை அடிக்கும். எடுத்தால் சுகம் விசாரிப்பெல்லாம் இராது.

"தம்பி, வாற வியாழன் அம்மாவின்ரை திதி. மரக்கறி வாங்கிப்போடும்."

அவ்வளவுதான், வைத்துவிடுவார். எங்களுக்கெல்லாம் அவர் பிரெடெரிசியா அண்ணை. பிரெடெரிசியா நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலை. ஆனால் யூட்லாந்து என்கிற இந்தப் பகுதியில் இருந்த பாதித் தமிழ்க் குடும்பங்களுக்கு அவர்தான் பஞ்சாங்கம். ஊரிலிருந்து வருடாவருடம் எப்படியோ ஒரு பஞ்சாங்கத்தைத் தருவித்துவிடுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கட்டக் கொப்பி ஒன்றில் ஒவ்வொரு வீட்டு இறப்பையும் எழுதி வைத்திருந்தார். யார், என்ன உறவு, எந்த நாள், எத்தனை மணி, என்ன திதி என்று வரிசையாகக் கட்டங்கள். ஒரு கிழமைக்கு முன்னரே ஞாபகப்படுத்துவார். அந்தத் தொலைபேசி அடித்தால்தான் எனக்குத் தை மாதம் வந்தது போலிருக்கும். இன்றைக்குக் கைத்தொலைபேசி எதையெதையோ ஞாபகப்படுத்துகிறது. அந்தக் குரலுக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

அம்மா இறந்தபோது ஊரில் சண்டை. தங்கச்சி எப்படியோ கொழும்புக்கு வந்து எனக்குத் தொலைபேசி எடுக்க மூன்று நாள் ஆகிவிட்டது. பின்னேரம் ஐந்து மணிக்கு அடங்கினதாகச் சொன்னாள். அழுகை வருவதற்கு முன் எனக்கு வந்தது ஒரு கணக்கு. அந்த நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? குளிர்காலம், நாலரை மணித்தியால வித்தியாசம். இங்கே பகல் பன்னிரண்டரை. நான் அப்போது துணித் தொழிற்சாலையில் பின்னல் இயந்திரங்களில் வேலை செய்துகொண்டிருந்தேன். பன்னிரண்டரை எங்களுடைய சாப்பாட்டு இடைவேளை. கறுப்புப் பாணுக்குள் கட்டைச் சம்பல் வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்த டேனிஷ்காரருக்கு ஒரு துண்டு கொடுத்து, அவர் உறைப்பில் கண்ணால் தண்ணீர் வடித்ததைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறேன். அம்மாவின் மூச்சு நின்றபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பன்னிரண்டரை மணி முள்ளாக எனக்குள் தைத்துவிட்டது. அண்ணை தொலைபேசியில் நேரம் கேட்டபோது என் வாயில் வந்ததும் அதுதான்.

"பகல் பன்னிரண்டரை, அண்ணை."

அவர் எழுதிக்கொண்டார். பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சத்தமித் திதி என்றார்.

இருபத்திரண்டு வருடம் சத்தமியில் படைத்தோம். மனைவி விடியவே தலை முழுகிச் சமைப்பாள். நான் லீவு எடுப்பேன். அந்த ஒருநாளில் மட்டும் நான் ஒழுங்கான மகன் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. கொள்ளி வைக்கப் போகமுடியாதவனுக்கு வேறு என்ன இருக்கிறது?

அந்த நினைப்பைக் கெடுத்தவள் என் மகள். அப்போது அவள் ஜிம்னேசியத்தில், அதாவது இங்கத்தைய உயர்தரப் பள்ளியில், கடைசி வருடம். நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை. முந்நூறு வருடங்களுக்கு முந்திய ஒரு வானியலாளரைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். ஆள் எங்கள் யூட்லாந்தில் பிறந்தவர். பாரிஸ் வானாய்வு நிலையத்துக்கு வேலைக்குப் போனவர். வியாழனைச் சுற்றும் உள்நிலா ஒன்று, ஒழுங்காக அந்தக் கிரகத்தின் நிழலுக்குள் போய் வரும். எப்போது வரும் என்று அட்டவணையே போட்டு வைத்திருந்தார்கள். ஆனால் பூமி வியாழனை விட்டு விலகப் போகப் போக அந்த நிலா பிந்தி வந்தது. அட்டவணை பிழை என்று மற்றவர்கள் மண்டையைப் போட்டு உடைத்தபோது, நிலா பிந்தவில்லை, அதன் ஒளி எங்களிடம் வந்து சேரத்தான் நேரம் எடுக்கிறது என்று இவர் சொன்னார். வரும் நவம்பரில் அது பத்து நிமிடம் பிந்தும் என்றார். பிந்தியது. அப்படியும் அந்த நிலையத்தின் தலைவர் ஒப்புக்கொள்ளவில்லையாம்.

சாப்பாட்டு மேசையில் அவள் இதைச் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. அம்மாவின் செய்தி மூன்று நாள் பிந்தி வந்த கதையை அவளுக்குச் சொன்னேன். பின்னேரம் ஐந்து மணி என்றும் சொன்னேன். அவள் தன் பாட்டில் கணினியில் ஒரு பஞ்சாங்கத்தைத் தேடி அந்த நாளையும் நேரத்தையும் தட்டினாள்.

"அட்டமி என்று காட்டுது, ஃபார்," என்று டேனிஷில் சொன்னாள். ஃபார் என்றால் அப்பா.

"சத்தமி. அண்ணை பார்த்துச் சொன்னது. உன்ரை பெட்டிக்கு என்ன தெரியும்?"

எனக்கு மூக்கு நுனியில் கோபம், எல்லோருக்கும் தெரியும். கத்தினேன். அவள் அசையவில்லை. அம்மா இறந்த அன்று பின்னேரம் மூன்று மணியளவில் சத்தமி முடிந்துவிட்டது என்று காட்டினாள். பிறகு மெதுவாக, அண்ணைக்கு எத்தனை மணி என்று சொன்னீர்கள் என்று கேட்டாள்.

பன்னிரண்டரை என்றேன். ஊர்ப் பஞ்சாங்கம் ஊர் நேரத்தில் எழுதப்பட்டது. நான் சொன்னது டென்மார்க் நேரம். ஊரில் நடந்த சாவுக்கு யார்தான் டென்மார்க் நேரம் சொல்வார்கள் என்று நினைத்து அண்ணையும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடம் அம்மாவுக்கு ஒருநாள் முந்தியே இலை போட்டிருக்கிறேன். மறுநாள் அவ படையலுக்கு வந்தபோது எங்கள் வீட்டில் மீன் குழம்பு கொதித்திருக்கும். குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

மகள் வெளியே நின்று என்னைத் தேற்றுவதாக நினைத்து இன்னொரு கதை சொன்னாள். அந்த வானியலாளர் ஊர் திரும்பிய பிறகு டென்மார்க்கின் நாட்காட்டியையே திருத்தினாராம். ஒரு பெப்ரவரியில் பதினெட்டாம் திகதி படுத்த நாடு, எழும்பியபோது மார்ச் முதலாம் திகதி. நடுவில் பதினொரு நாள் இல்லை. ஒன்றும் கெட்டுப்போகவில்லையே என்றாள்.

முந்தைய வருடங்களில் அந்தப் பதினொரு நாளுக்குள் தாயைப் பறிகொடுத்தவன் அந்த வருடம் என்ன செய்திருப்பான் என்று கதவுக்குள் இருந்தே கேட்டேன்.

அண்ணையிடம் சொல்வதா, விடுவதா? இரண்டு நாள் யோசித்தேன். மனைவி வேண்டாம் என்றாள். அவருக்கு அந்தக் கொப்பிதான் உயிர். என்னைப் போல இன்னும் எத்தனை பேர் இங்கத்தை நேரத்தைச் சொன்னார்களோ? ஒரு கட்டம் பிழை என்றால் முழுக் கொப்பியிலும் சந்தேகம் விழும். ஆனால் அம்மாவுக்கு இனிமேலும் தெரிந்துகொண்டே பிழையான நாளில் படைக்க எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை காலை காரை எடுத்துக்கொண்டு பிரெடெரிசியாவுக்குப் போனேன்.

அண்ணை தேத்தண்ணி ஊற்றினார். தன் மனைவி காலமானபிறகு தனியேதான் இருந்தார். நான் நடந்ததைச் சொல்லி முடித்தேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய பஞ்சாங்கத்தை எடுத்தார். விரலால் வரி வரியாகத் தடவிப் பார்த்தார்.

"ஓம். அட்டமிதான். நான் கேட்டிருக்கவேணும்."

"நான்தான் அண்ணை மாத்திச் சொன்னனான். அம்மாவுக்கு இருபத்திரண்டு வருசம் பிழைவிட்டிட்டன்."

அவர் கொப்பியைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். முதலாவது பக்கம். முதலாவது வரியில் அவருடைய ஒரே மகன். கடைசிச் சண்டையில் போனவன். மற்றவர்களுக்குப் பிறகு செத்தவனுக்கு அவர் முதலாவது வரியை எப்படி ஒதுக்கினார் என்று பார்த்தேன். மேலே வெறுமையாக இருந்த ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தார். உறவு என்ற இடத்தில் மகன். நாள், மணி, திதி, மூன்று கட்டமும் வெறுமை.

"உமக்குப் பிழை விடுறதுக்காவது ஒரு நேரம் கிடைச்சுது, தம்பி," என்றார். "நான் ஒவ்வொரு அமாவாசையும் படைக்கிறன். எது அவன்ரை நாளெண்டு தெரியாது."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தொலைபேசியை இழுத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டாவது வரியில் விரலை வைத்தார். ஸ்கீவவில் இருந்த ஒரு குடும்பம்.

"நான் அண்ணை கதைக்கிறன். நீர் அண்டைக்கு எனக்குச் சொன்ன நேரம் ஊர் நேரமோ, இஞ்சத்தை நேரமோ? எனக்குப் பிழை வந்திருக்கலாம், அதுதான் கேக்கிறன்."

இப்படி ஒவ்வொரு வரியாக, ஒவ்வொரு வீடாக. சிலர் கோபப்பட்டார்கள். ஒருவர் ஏதோ கடுமையாகப் பேசுவது எனக்கே கேட்டது. "ஓம், ஓம், சரி" என்று அண்ணை கேட்டுக்கொண்டார். கடைசியில் ஏழு கட்டங்களைச் சிவப்புப் பேனையால் திருத்தினார். அந்த வானியலாளரின் ஏடுகள் பின்னாளில் தீயில் எரிந்து, மூன்று நாள் குறிப்புத்தான் மிஞ்சியதாக மகள் சொல்லியிருந்தாள். வானியலாளர் பெரிய மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால் தன் அட்டவணையைத் தானே பிழையென்று வீடு வீடாகச் சொன்ன ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

போன குளிர்காலம் அண்ணை காலமானார். தாதி சொன்ன நேரம் காலை ஒன்பது இருபது. கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. அவருடைய மகனின் வரிக்குப் பக்கத்திலேயே அவருக்கும் இடம் கண்டுபிடித்து எழுதினேன். நேரத்துக்குப் பக்கத்தில் 'டென்மார்க் நேரம்' என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன். நாலரை மணித்தியாலம் கூட்டிப் பஞ்சாங்கம் பார்த்தேன். பிறகு மகளிடம் கொடுத்து அவளையும் பார்க்கச் சொன்னேன்.

இந்தக் கிழமை கொப்பியில் ஞாபகப்படுத்தவேண்டியது அந்த ஒரு வரிதான். தொலைபேசியைக் கையில் எடுத்த பிறகுதான் அவருக்காக எடுத்துச் சொல்ல ஒரு வீடும் இல்லை என்பது உறைத்தது. வைக்க மனம் வரவில்லை. காதில் வைத்துக்கொண்டே எனக்கு நானே சொன்னேன்.

"தம்பி, வாற செவ்வாய் அண்ணையின்ரை திதி. மரக்கறி வாங்கிப்போடும்."