பதினொன்றேகாலும் பத்தேமுக்காலும்

மதினியின் மராத்தி நோட்டில் முதல் பக்கத்திலேயே ‘பாவ் என்றால் கால்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. எங்கள் பேட்டையான போபோடியில் காய்கறிக்காரர் கால் கிலோ கத்தரிக்காயைப் ‘பாவ் கிலோ’ என்று சொல்லி நிறுத்துக் கொடுத்த அன்று எழுதியது. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து அவர் புனேவுக்கு வந்து அப்போது ஒரு மாதம். கணக்கில் முதுகலை. இங்கேயே பிறந்து வளர்ந்த நான் எதையாவது திருத்த வாய் திறந்தால் கையை உயர்த்தித் தடுத்துவிடுவார். “சொல்லிக் குடுத்தா நிக்காது, கொழுந்தனாரே. நானா கண்டுபிடிச்சாத்தான் நிக்கும்.”

பக்கத்து ஆங்கிலவழிப் பள்ளியில் கணக்கு ஆசிரியை வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். அது கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பிப் பழைய பள்ளியிலேயே சேர்ந்துவிடப்போவதாக அண்ணனிடம் சொல்லியிருந்தார். அண்ணன் பாதி உயிராக நடமாடினார்.

பள்ளியிலிருந்து போன் வந்தது. நேர்காணல் ‘பாவ்ணே அக்ரா’வுக்கு. அக்ரா என்றால் பதினொன்று என்பது மதினிக்குத் தெரியும், பாவ் கால். பதினொன்றேகால் என்று முடிவுகட்டி, ஐந்து நிமிடம் முன்னதாகவே போய் நின்றார். மராத்தியில் அது பதினொன்றுக்குக் கால் மணி குறைவு, பத்தேமுக்கால். தலைமையாசிரியை கிளம்பிப் போயிருந்தார். எழுத்தர் இரக்கப்பட்டு, இன்னும் ஆள் எடுக்கவில்லை, சனிக்கிழமை ‘சாடே தஹா’வுக்கு வாருங்கள் என்றார். தஹா பத்து என்று தெரியும். சாடே என்றால் அரை என்பதை மட்டும் அவரிடமே கேட்டுக்கொண்டு மதினி வீடு திரும்பினார்.

“நாம கூட்டுதோம். இவங்க வரப்போற மணியச் சொல்லிக் கழிக்காங்க,” என்று நோட்டில் புது விதி ஏறியது. “அப்போ பத்துல அரை போனா ஒம்பதரை.”

சாடே கழித்தல் இல்லை, கூட்டல், பத்தரை என்று சொல்ல வாய் திறந்தேன். கை உயர்ந்தது. முன்னால் போனால் மோசமில்லை என்று நானும் மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒன்பதரைக்குப் பள்ளியில் இருந்தவர்கள் இருவர்: காவலாளி, மதினி. சற்று நேரத்தில் வந்த தலைமையாசிரியை, “பத்தரைக்குத்தானே வரச் சொன்னோம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். விதி அங்கேயே உடைந்தது. மதினி முகத்தில் காட்டவில்லை. போன தடவை தாமதமாகிவிட்டது, அதனால்தான் என்றாராம்.

வேலை கிடைத்தது. இன்றும் அங்கேதான். நேர்காணலுக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து உட்கார்ந்தவர் என்று புதிய ஆசிரியர்களுக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். போன வாரம் சாப்பிடும்போது, உண்மையை அங்கே யாரிடமாவது சொன்னதுண்டா என்று கேட்டேன்.

“ஏன், நீரு போயி சொல்லப்போறீரோ?” என்றார் மதினி. “பேசாம ரசத்த ஊத்திச் சாப்பிடும்.”