நடு சீட்டின் சிவப்பு விளக்கு

நம்பினால் நம்புங்கள். இது என் கையில் ஸ்டியரிங் இருந்தபோது நடந்தது. இரவுகூட இல்லை. சாயங்காலம்தான்.

பழைய கார்களை வாங்கி விற்கும் கடையில் நான் டிரைவர். பதினோரு வருட வேலை. அன்று ஒரு பெரிய காரைக் கடைக்கு ஓட்டி வர வேண்டியிருந்தது. கொட்டுகிற மழை. என்ஜினின் பலம் முழுக்கப் பின்சக்கரங்களுக்குப் போகிற வண்டி அது. ஈரச் சாலையில் ஆக்சிலேட்டரை அவசரப்பட்டு மிதித்தால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்துவிடும். முட்டை மேல் கால் வைப்பது போல மிதித்து ஓட்டினேன்.

4:48. டிங்.

பின்சீட்டில் இடது பக்கம் பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது. காரில் நான் மட்டும்தான்.

4:53. டிங். வலது பக்கம்.

4:55. டிங். நடு சீட்.

கடை மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டேன்.

“அண்ணே, பின்னாடி மூணு பெல்ட் லைட்டும் எரியுது.”

“ஈரம் போயிருக்கும்மா, அதை விடு. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடு. உள்ள போய் பிரேக்கைத் தொட்டே, வண்டி வாலை ஆட்டிடும்.”

போனை வைத்தேன்.

க்ளிக்... இடது விளக்கு அணைந்தது.

க்ளிக்... வலது.

மூன்றாவது க்ளிக்குக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

முன் கண்ணாடி தெளிவாக இருந்தது. பின் ஜன்னல்களில் மட்டும் ஆவி படிந்திருந்தது. உள்ளே ஆட்கள் மூச்சு விட்டால் படியுமே, அப்படி...

5:07. பாலம் தாண்டிய வளைவு. தேங்கிய தண்ணீர்.

பின்பக்கம் வழுக்கியது. பிரேக்கைத் தொடவில்லை. வால் போன பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பினேன். ஒரு முழுச் சுற்று.

நின்றது.

திரும்பிப் பார்த்தேன்.

யாரும் இல்லை. ஆனால் இரண்டு பெல்ட்டுகள் மாட்டியிருந்தன. ஆளைக் கட்டியது போல முன்னால் உப்பி, விறைத்து...

நடு பெல்ட் சும்மா கிடந்தது.

கத்திவிட்டேன்.

கடையில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஏற்கெனவே விற்றுப்போன வண்டி. வாயைத் திறந்தால் என் வேலை போய்விடும்.

மறுநாள் சாயங்காலம் ஒரு பல் டாக்டர் வண்டியை எடுக்க வந்தார். கூடவே அவர் அம்மாவும் மூன்று தங்கைகளும். அம்மா முன்னால் ஏறினார். தங்கைகள் பின்னால். கடைக்குட்டி நடுவில். மழை விடவில்லை.

“மெதுவா மிதிங்க டாக்டர்.”

“தெரியும் மேடம்.”

க்ளிக். க்ளிக்.

மூன்றாவது கேட்கவில்லை. சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முதலாளி பக்கத்தில் நின்றிருந்தார். விழுங்கிவிட்டேன்.

5:07. அதே வளைவு.

பெல்ட் போட்ட நான்கு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

நான்காம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூத்த தங்கை கழுத்தில் பட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அவளாகவே பேசினாள்.

“வண்டி எடுக்கறதுக்கு முந்தின நாள், மூணு பேரும் ஒரே கட்டில்ல படுத்துத் தூங்கிட்டோம். சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். சின்னவ திடுக்குனு எழுந்து அழுதா. கனவாம். நாங்க கார்ல போறோமாம். யாரோ ஒரு அக்கா ஓட்டுறாங்களாம். எங்களைத் திரும்பிப் பாத்துட்டுக் கத்தினாங்களாம்...”

கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டாள்.

“‘நம்மளைப் பாத்து அவங்க ஏன்க்கா பயந்தாங்க?’ன்னு கேட்டா.”