மிச்சம் பதினாறு அடி

அக்கா மகன் கணினியில் நிலப்படம் வரைகிற வேலையில் இருக்கிறான். போன வாரம் நுவரெலியாவில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், மேசையில் கணினியைத் திறந்து வைத்து, "மாமா, இது நீங்க பொறந்த தோட்டந்தானே?" என்றான். ஆகாயத்திலிருந்து எடுத்த படம். அதன்மேல் பழைய அளவைப் படத்தின் கோடுகளை ஏற்றியிருந்தான். எந்த மலையில் மண் சரியும், எந்த ஓடையில் தண்ணீர் குறைகிறது என்று இதை வைத்தே சொல்லிவிடலாமாம். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு குனிந்தேன். நேராக வந்த ஓர் எல்லைக்கோடு, மேல்மலை உச்சியில் மட்டும் முழங்கையை மடக்கியதுபோல் ஏறி இறங்கியது.

"இந்த எடத்துல மட்டும் ஏன் மாமா கோணுது? அளந்தவரு தண்ணியப் போட்டுட்டு அளந்தாரோ?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தக் கோணலுக்குப் பொறுப்பாளி அவன் எதிரிலேயே பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கிறான் என்று பையனுக்கு எப்படித் தெரியும்?

எழுபதுகளின் பிற்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. ராகலைப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தை அளக்க ஒரு சர்வேயர் வந்தார். கண்டிப் பக்கத்துச் சிங்களவர். எங்களுக்கு அவர் 'அளவு மாத்தயா'; மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. அவருக்குச் சங்கிலி பிடிக்க என்னை எடுத்தார்கள். சர்வே வேலை என்றதும் காற்சட்டையும் தொப்பியும் தருவார்கள் என்று நான் கனவு கண்டது உண்மை. கிடைத்தது அறுபத்தாறு அடி இரும்புச் சங்கிலியும் அட்டைக்கடியும்தான். அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் பூசுவேன். மழையில் அது நுரைக்கும். நுரைத்த காலோடு நான் மலையேறுவதைப் பார்த்துக் கொழுந்தெடுக்கிற பெண்கள், "குளிச்சிட்டே வாங்க தம்பி, சங்கிலி எங்கயும் ஓடிறாது" என்பார்கள். மழை என்றதும் மாத்தயாவின் கருவி ஞாபகம் வருகிறது. மூன்று காலில் நிற்கிற அந்தத் தொலைநோக்கிக்குக் குடை பிடிக்கவே ஓர் ஆள். "மிசினுக்குக் குடை, நமக்குச் சாக்கா?" என்று அதற்கும் சிரித்தார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மேல்மலைக் காட்டை வெட்டி, தேயிலை ஃபக்டரி அடுப்பு விறகுக்காக யூகலிப்டஸ் நட முடிவாகியிருந்தது. எதுவரை வெட்டுவது என்று பார்க்கத்தான் அளவை. மாத்தயா எல்லைக்கல் நட்டு, அதன் தலையில் சிவப்புப் பெயின்ட் பூசச் சொன்னார். குழி தோண்டியவன் நான். கல்லுக்குச் சற்று மேலே ஓர் ஊற்று. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளின், அதாவது லயத்தின், பீலிக் குழாயில் கொட்டுகிற தண்ணீர் அங்கிருந்துதான் வந்தது. ஒற்றை அறை வீடுகளான இருபது காம்பராவுக்கும் குடிக்க, குளிக்க, உலை வைக்க அது ஒன்றுதான். கல்லுக்கு மேலே உள்ளதெல்லாம் வெட்டு என்றால் ஊற்றைச் சுற்றிய மரமும் போகும், தண்ணீரும் போகும். தெரிந்தேதான் மண்ணை மிதித்து இறுக்கினேன். சங்கிலிக்காரன் பேச்சை யார் கேட்பார்கள்?

மாத்தயா அடுத்த மலைக்குப் போன இரண்டு வாரத்தில் கவ்வாத்துத் தொடங்கியது. தேயிலைச் செடிகளைக் கத்தியால் கழித்து மட்டம் தட்டுகிற வேலை. கத்தி காலில் படாமலிருக்க, முதல் நாள் மலையுச்சியில் ஒரு கல்லை நட்டுக் கவ்வாத்துச் சாமி கும்பிடுவது வழக்கம். அந்தப் பொறுப்பு என் அப்பாவின் தம்பி வேலு சித்தப்பாவுக்கு. அவர் போய்ப் பார்த்தால், கல் தயாராக நிற்கிறது! தலையில் சிவப்பு வேறு. "நமக்கு முன்னாடியே யாரோ குங்குமம் வச்சிருக்காங்கப்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். ஆனால் சாமி சேற்றில் நிற்கலாமா? ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கி, ஊற்றுக்கு மேலே காய்ந்த மேட்டில் கிழக்குப் பார்க்க நட்டு, மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்துவிட்டு வந்துவிட்டார்கள்.

மாத்தயா திரும்பி வந்து சரிபார்த்தார். புத்தகத்தில் இருந்ததைவிட ஐம்பது அடி கூடுதல். மறுபடி அளந்தார், அதே ஐம்பது. கல்லில் மஞ்சளைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. சொன்னால் கல் பழைய குழிக்கு வரும். வேலை போனால் போகட்டும் என்று துணிந்து, "நாந்தாங்க மாத்தயா. போன தடவ ஒரு சங்கிலி எண்ண விட்டுட்டேங்க" என்றேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஒரு சங்கிலி விட்டா அறுபத்தாறு அடி பிழை வரணும். வந்தது ஐம்பது. மிச்சம் பதினாறு அடி எங்கே? நீ தின்னதா?"

பொய் சொல்வதற்கும் கணக்குத் தெரிய வேண்டும் என்று அன்றைக்குத்தான் படித்தேன். அவர் விறுவிறுவென்று கல்லிடம் போனார். தேங்காய் மூடியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு குனிந்து சப்பாத்தையும் கழற்றினார்! அப்படியே வெறுங்காலோடு கீழே இறங்கி, நான் தோண்டிய பழைய குழியையும் கண்டுபிடித்துவிட்டார். ஊற்றில் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "இது யாருக்குப் போகுது?" என்றார்.

"எங்க லயத்துக்குங்க. இருபது காம்பரா. இத விட்டா வேற தண்ணி இல்லீங்க."

அளவைப் புத்தகத்தில் எதையும் அழிக்கக் கூடாது. அடித்துவிட்டு மேலே எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் பழைய அளவை அடித்துவிட்டு, கல் இப்போது நிற்கிற இடத்தின் அளவை எழுதிக் கையெழுத்து வைத்தார். ஓரத்தில் சிங்களத்தில் ஏதோ எழுதினார்.

"என்னங்க எழுதுனீங்க?"

"சங்கிலிக்காரனோட பிழைன்னு எழுதினது. பதினாறு அடிய நான் தின்னுறேன். நீ சங்கிலிய சுத்து."

அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இந்த நாட்டின் நிலப்படத்துக்கு நான் செய்த ஒரே தொண்டு அந்தப் பிழைதான். சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் அசரவே இல்லை. "எங்க நிக்கணும்னு சாமிக்குத் தெரியாதாடா?" என்றார்.

ஊற்றைச் சுற்றிய காடு தப்பியது. ஆனால் அடுத்த சில வருடங்களில் தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தப்படி லயத்துக்கு இந்தியா பாஸ்போர்ட்டுகள் வரத் தொடங்கின. காம்பரா காம்பராவாகக் காலியானது. நானுஓயாவில் வழியனுப்பப் போனால் ஸ்டேஷன் முழுக்க ஒப்பாரி. அந்த ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர் வைத்திருந்தோம். சித்தி ஒரு போத்தலில் பீலித் தண்ணீரை அடைத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "ஊத்தப் பாத்துக்கப்பா" என்றார் சித்தப்பா, ஜன்னலில் என் கையைப் பிடித்துக்கொண்டு. அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். ஊற்று வற்றவில்லை. பீலியில் தண்ணீர் அப்போது போலவே கொட்டுகிறது. லயம் நின்ற இடத்தில் புல் மண்டிக் கிடக்கிறது. குடம் வைக்க ஒருவரும் இல்லை.