ஒற்றைத் தும்மல்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, எங்கள் பெரியப்பா ஒரு பங்குனி மாதம் முழுக்க எந்த இடத்துக்கும் நேரத்தோடு போய்ச் சேரவில்லை. அதற்குக் காரணம் என் மூக்கு.

பெரியப்பா சகுனம் பார்ப்பவர். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும் நேரத்தில் வீட்டுக்குள் யாராவது தும்மிவிட்டால் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, கொஞ்சம் ஆறிவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். இரட்டைத் தும்மல் என்றால் பரவாயில்லை, அது நல்லது என்பார். ஒற்றைத் தும்மல்தான் ஆகாது. அந்த வருஷம் என் தும்மல்கள் அவருடைய சாஸ்திரத்துக்குள் அடங்கவில்லை. காலையில் ஆரம்பித்தால் அடுக்கடுக்காக வரும். நின்றுவிட்டது என்று எல்லோரும் மூச்சுவிடும்போது தனியாக இன்னொன்று வரும். அது பழைய அடுக்கின் மிச்சமா, புதிதாக வந்த ஒற்றையா என்று பெரியப்பாவுக்குக் குழப்பம். பட்டா மாற்றும் வேலையாக வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டியவர், சொம்பும் கையுமாக உட்கார்ந்து பஸ்ஸை விட்டுக்கொண்டிருந்தார்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் வீடு. வாசலில் நின்றால் மலை. பின்கதவைத் திறந்தால் ஏரி. ஏரி என்று பெயர்தானே தவிர, பாதிக்கு மேல் வேலிகாத்தான் முள்மரம் மண்டிக் கிடந்தது. அதற்கு முந்தின ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. எல்லோருக்கும் சந்தோஷம். கிணறுகள் நிறைந்தன, நெல் விளைந்தது. வேலிகாத்தானும் விடவில்லை. மாசி பிறந்ததும் பூத்துத் தள்ளிவிட்டது. தலையில் வைத்துக்கொள்ளும் பூ இல்லை அது. அணில் வால் போலத் தொங்கும் மஞ்சள் கதிர். காற்றடித்தால் கண்ணுக்கே தெரியாத தூள் கிளம்பி வரும். காய்ந்த துணியில், தலைமயிரில், தலையணை உறையில் எல்லாம் போய் உட்காரும். இதெல்லாம் இப்போது தெரிந்து எழுதுகிறேன். அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் நமைச்சல். மூக்கில் மட்டுமில்லை, மேல் அண்ணத்தில், காதின் உள்ளே, விரலே போய்ச் சேராத இடத்தில் எல்லாம் நமைக்கும். நாக்கை மடித்து அண்ணத்தைத் தேய்த்து 'க்ளக் க்ளக்' என்று சத்தம் போடுவேன். கண் சிவந்து, இமை வீங்கி, பார்ப்பவர்கள் நான் அடிவாங்கி அழுதுவிட்டு வந்திருப்பதாக நினைப்பார்கள். பள்ளியில் டீச்சர் மெட்ராஸ் ஐ என்று பயந்து என்னைத் தனியாக ஜன்னலோரம் உட்கார வைத்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அந்த ஜன்னல் ஏரியைப் பார்த்திருந்தது.

அம்மாவைப் பொறுத்தவரை இது சளி. சளி என்றால் தயிர் கிடையாது, வாழைப்பழம் கிடையாது, தலைக்குக் குளியல் கிடையாது. சாயந்திரமானால் நொச்சித்தழை போட்டுக் கொதிக்க வைத்த பானைமேல் என்னைக் குனிய வைத்துப் போர்வையால் மூடிவிடுவாள். நடுவில் வெளியே தலைநீட்டினால் முதுகில் ஒன்று வைப்பாள். "தெருவுல போற ஐஸ் வண்டிய எல்லாம் நிறுத்துனா இன்னா ஆவும்? இதான் ஆவும்" என்பாள். நான் அந்த வருஷம் ஒரு குச்சி ஐஸ்கூடச் சாப்பிடவில்லை என்று சொன்னதை யாரும் நம்பவில்லை.

நம்பியது அத்தை ஒருத்திதான். அப்பாவின் தங்கை. தாத்தாவும் பாட்டியும் போன பிறகு எங்களோடு இருந்தாள். பி.ஏ. முடித்துவிட்டு, செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஒரு விடுதியில் வேலை பார்த்தாள். வாசல் மேஜையில் உட்கார்ந்து அறை கொடுப்பது, சாவி வாங்கி வைப்பது, ஆட்டோவுக்குச் சொல்வது. காலையில் புடவைக்குப் பின் குத்தி, தலையை இறுக்கப் பின்னி, பஸ்ஸுக்கு நடக்கும்போது அவளைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். அவள் வேலைக்குப் போவதைப் பற்றி வீட்டில் யாரும் நல்லதாகவும் பேசியதில்லை, கெட்டதாகவும் பேசியதில்லை. கல்யாணம் ஆகும்வரை என்று ஒரு பேச்சு மட்டும் இருந்தது.

ஒருநாள் வேலையிலிருந்து வந்தவள் நேராக என்னைப் பிடித்து வெளிச்சத்தில் நிறுத்தி, என் இமையை விரித்துப் பார்த்தாள்.

"அண்ணி, இது சளியே இல்ல. எங்க விடுதியில ஒரு வெள்ளைக்காரம்மா கீறாங்க. அவங்களுக்கும் அச்சு அசல் இதே மாதிரி. அவங்க ஊர்ல பூ பூக்குற மாசம் வந்தா பாதிப் பேருக்கு இப்படித்தானாம்."

"பூ பூத்தா தும்மலா? நல்லா சொன்ன போ" என்று அம்மா சிரித்தாள்.

அத்தை விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை டவுனுக்கு அழைத்துக்கொண்டு போய் ஒரு டாக்டரிடம் காட்டினாள். அவர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்து, வீட்டைச் சுற்றி என்ன மரம் என்று கேட்டார். வேலிகாத்தான் என்றதும் தலையாட்டினார். பூந்தூள் ஒத்துக்கொள்ளவில்லை, பூ அடங்கினால் இதுவும் அடங்கும், அதுவரை சமாளிக்க வேண்டியதுதான் என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து நான் அத்தையின் பொறுப்பு. பின்பக்க ஜன்னலைச் சாத்தி வைத்தாள். கொடியில் காய்ந்த என் துணிகளை வெளியிலேயே நன்றாக உதறி எடுத்து வந்தாள். பள்ளிக்குப் போகும்போது மூக்கையும் வாயையும் சேர்த்து ஈரக் கைக்குட்டையைக் கட்டிவிட்டாள். வழியில் பார்த்தவர்கள் கொள்ளைக்காரி என்று கேலி செய்தார்கள், எனக்கு அது பிடித்திருந்தது. சாயந்திரம் வேலையிலிருந்து வந்ததும் கிணற்றடியில் உட்கார வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவாள். "தலக்கி ஊத்தாதன்னு சொல்றேன், கேக்குறியா?" என்று அம்மா கத்துவாள். ஆனால் சில நாளில் தும்மல் கம்மியானதை அம்மாவும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் ஒருநாள் என் தட்டில் தயிர் ஊற்றினாள். எங்கள் வீட்டில் தோல்வியை ஒப்புக்கொள்வது அப்படித்தான்.

அந்தச் சமயத்தில்தான் அத்தையைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. பெரியப்பா கொண்டுவந்த சம்பந்தம். போளூர் பக்கம், மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை. பிடித்துப் போனால் அன்றைக்கே பூ வைத்து உறுதி பண்ணிவிட்டுப் போவார்கள். பெரியப்பா எல்லா ஏற்பாட்டையும் யோசித்து முடித்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இத இன்னா பண்றது?"

யார் வீட்டுக்காவது அனுப்பலாமென்றால் அவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை தெருவே ஏதோ கல்யாணத்துக்குப் போகவிருந்தது. மாத்திரை போட்டால் எனக்குத் தூக்கம் வரும் என்பதால், காலையிலேயே போட்டு உள் அறையில் தூங்க வைத்துவிடுவது என்று முடிவானது. அம்மாதான் மாத்திரை கொடுத்தாள். அத்தை புது பட்டுப் புடவையில், கழுத்து நிறைய நகையோடு, யாரோ மாதிரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே தூங்கிப் போனேன்.

விழித்தபோது மின்விசிறி நின்றிருந்தது. கரண்ட் போயிருந்தது. கூடத்தில் நிறையப் பேர் பேசும் சத்தம். புழுக்கம் தாங்காமல் யாரோ பின்பக்க ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஏரிக்காற்று ஜிலுஜிலுவென்று நேராக என் முகத்துக்கு வந்தது. அதற்குள் அத்தை கூடத்துக்குப் போய் விழுந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு திரைதான்.

மாப்பிள்ளையின் மாமா பேசிக்கொண்டிருந்தார். கனத்த, மரியாதையான குரல்.

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குங்க. வேல மட்டும் வாணாம். லாட்ஜுல போய் உக்கார்ற வேல நம்ம குடும்பத்துக்குச் சரிப்படாது. நாளைலேர்ந்தே நிறுத்திடட்டும்."

"அதுக்கென்னங்க, நிறுத்திட்டாப் போவுது" என்றார் பெரியப்பா உடனே. அப்பாவின் குரல் கேட்கவில்லை.

"அப்போ பூ வச்சிடலாங்களா?"

எனக்கு அண்ணத்தில் நமைச்சல் ஆரம்பித்துவிட்டது. நாக்கை மடித்துத் தேய்த்தேன். மூக்கைப் பிடித்தேன். தலையணையை வாயில் கவ்வினேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கூடத்தில் தாம்பாளத் தட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது. சாமி, இது மட்டும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். அப்போது வந்தது. அந்த மாதம் முழுக்க அடுக்கடுக்காக வந்த தும்மல், அன்றைக்குப் பார்த்து ஒன்றே ஒன்றாக, வீடே அதிரும்படி வந்தது.

தட்டு நகரும் சத்தம் நின்றது.

"யாருங்க அது?" என்றார் அந்த மாமா.

பெரியப்பா தோலை உரித்துவிடுவார் என்று தெரியும். அத்தை என்னைக் குனிந்து பார்த்தாள். பிறகு எழுந்து, முந்தானையைச் சரி செய்துகொண்டு, திரையை விலக்கி நின்றாள்.

"நான்தாங்க."

அவளே தொடர்ந்தாள். "எனக்கு இது எப்பவும் கீதுங்க. வேலிகாத்தான் பூத்தா ஆவாது. கண்ணு வீங்கிடும், மூச்சு வுட முடியாது. டாக்டர் மாத்திர குடுத்திருக்காரு. வருஷா வருஷம் வரும்னு சொன்னாரு. சொல்லாம மறைக்கக் கூடாது இல்லீங்களா?"

சொல்லி முடித்துவிட்டு, முகத்தைத் திருப்பி ஒரு தும்மல் தும்மிக் காட்டினாள். கொஞ்சமும் தும்மல் மாதிரி இல்லை. யாரையோ திட்டுவது மாதிரி இருந்தது. ஆனால் வந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். கொண்டுவந்த பூ அவர்களோடு திரும்பிப் போயிற்று.

தும்மியது யார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அத்தை சபையில் சொன்னதை அப்புறம் மாற்றவும் முடியாது. அதனால் பெரியப்பாவால் என்னை அடிக்கவும் முடியவில்லை. எனக்காக அத்தை தன் கல்யாணத்தையே விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளுடைய செருப்பைத் துடைத்து வைத்தேன். அவள் பையைப் பஸ் நிறுத்தம்வரை தூக்கிக்கொண்டு போனேன். எதுவும் போதவில்லை. அவள் எனக்குச் செய்ததற்கு ஈடாக நானும் அவளுக்கு ஒன்று செய்ய வேண்டும் என்று தோன்றியது.

அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து அவருடைய செல்போனை எடுத்தேன். போளூர் மாமா என்று போட்டிருந்த நம்பரைத் தேடி அழுத்தினேன்.

"அன்னைக்குத் தும்முனது அத்த இல்லீங்க. நானுங்க. எங்க அத்தைக்கு ஒரு வியாதியும் கிடையாதுங்க. பூ எடுத்துக்குனு மறுபடி வாங்க."

அந்தக் கனத்த குரல் சிரித்தது. "அப்டியா பாப்பா? உன் பேரு இன்னா?" என்று கேட்டது. பயந்து வைத்துவிட்டேன்.

அத்தை வேலையிலிருந்து வந்ததும் ஓடிப்போய் அவள் காதில் இதைச் சொன்னேன். என்னைத் தூக்கிச் சுற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அதற்கு முன்பும் பின்பும் அத்தை என்னை அடித்ததே இல்லை. கேட்காமல் அப்பாவின் போனை எடுத்ததற்காக அடித்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பெரியப்பா முகமெல்லாம் சிரிப்போடு வந்தார். போளூர்க்காரர்கள் சமாதானமாகிவிட்டார்களாம், வெள்ளிக்கிழமை வருகிறார்களாம். அத்தை அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வந்தாள். ஈரக்கையைத் துடைக்கக்கூட இல்லை.

"வாணாம் பெரியண்ணா. எனக்கு இஷ்டம் இல்ல."

"தும்முனது கொழந்தன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிபோச்சும்மா. இன்னும் இன்னா?"

"தும்மல வுடுங்க. எனக்கு இஷ்டம் இல்லன்னு சொல்றேன். நான் வேலைக்குப் போறேன்."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "வுட்ரு அண்ணா" என்றார். பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கு யாரும் தும்மவில்லை.

அன்று சாயந்திரம் அத்தை வழக்கம்போல என்னைக் கிணற்றடியில் உட்கார வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண் சிவந்து, இமை வீங்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அத்த, உனுக்கும் வந்துடுச்சா?"

"ஆமாண்டி" என்றாள்.

என்னிடமிருந்துதான் அவளுக்கு ஒட்டிக்கொண்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அன்றிலிருந்து பாயில் அவளைவிட்டுத் தள்ளி, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். அவள் ஒவ்வொரு தடவையும் என்னை இழுத்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். வேண்டாம் அத்தை, ஜாஸ்தியாகிவிடும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.