5ஜி வாங்கப் போய் வயரோடு வந்தேன்

போன வருடம் ஆடி மாதம், மட்டக்களப்பு அமிர்தகழியில் இருக்கும் எங்கள் வீட்டில்தான் இது நடந்தது. நான் ஒரு பாட்டு டீச்சர். வேலை பார்த்த பாலர் பாடசாலையை மூடிவிட்டதால், இணையத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கலாம் என்று துணிந்து இறங்கியிருந்தேன். என்னிடம் இருந்தது ஒரு பழைய மடிக்கணினி, ஒரு சுருதிப் பெட்டி, அளவுக்கு மிஞ்சிய வாய். மாட்டிவிட்டது அந்த வாய்தான்.

வீட்டுக்குப் புதிதாக இணைய இணைப்பு எடுத்தோம். பூட்ட வந்தவர் வெள்ளைப் பெட்டியொன்றை முன்னறைச் சுவரில் மாட்டிவிட்டு, கடவுச்சொல்லை எழுதித் தந்துவிட்டுப் போனார். வைஃபையைத் திறந்து பார்த்தால் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று வெறும் பெயர். மற்றதன் வாலில் 5ஜி என்று இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கொழும்பிலேயே இப்போதுதான் அதைப் பற்றிக் கதைக்கிறார்கள், எங்கள் வீட்டுக்குள் வந்து குந்தியிருக்கிறதே என்று ஒழுங்கை முழுவதும் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு மச்சாள் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து, இடுப்பில் கைவைத்துப் பெட்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுக்குள்ளயா கா இருக்கு அது?" என்றாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் ஒருவரையொருவர் 'கா' போட்டுத்தான் கூப்பிடுவோம்.

"ஓம் மச்சாள். இனி எல்லாம் கண்மூடித் திறக்கிறதுக்குள்ள" என்றேன். ஏதோ நானே கோபுரம் கட்டிய மாதிரி.

அந்த நேரத்தில்தான் லண்டனிலிருந்து ஒரு அம்மா தொடர்புகொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர். எட்டுப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு வகுப்பு நடத்த ஆள் தேடிக்கொண்டிருந்தார். எட்டுப் பிள்ளைகள் என்றால் எங்கள் வீடு நிமிர்ந்துவிடும். "எங்கட வீட்டில 5ஜி இருக்கு, ஒரு பிரச்சினையும் வராது" என்று அவரிடமும் அடித்துவிட்டேன்.

முதல் சனிக்கிழமை மாதிரி வகுப்பு. முன்னறையில் வீதிச் சத்தம் என்பதால் பின்னறையில் பாய் விரித்து, குத்துவிளக்கு ஏற்றி, நல்ல சேலை கட்டி உட்கார்ந்தேன். 5ஜி என்று இருந்த பெயரைத்தான் தொட்டேன், பின்னே வேறெதைத் தொடுவேன்? சரளி வரிசையைத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் என் முகம் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டதாம். பிறகு குரல் மட்டும் போனதாம். நான் தொடையில் தட்டி விரலை எண்ணும்போது பிள்ளைகள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேர், எட்டுத் தாளம். ஒரு பிள்ளை சிரிக்கத் தொடங்க, மற்ற ஏழும் சேர்ந்துகொண்டன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த அம்மா மரியாதையாகத்தான் சொன்னார். "அக்கா, உங்கட 5ஜி ஏதோ பிழை போல கிடக்கு. ஒருக்காப் பாருங்கோ. வாற சனி இன்னொருக்காச் செய்து பாப்பம். சரிவராட்டி இஞ்சயே ஒரு ஆளிட்டச் சேர்த்து விடப் போறம்."

ஒரு கிழமைதான் இருந்தது. குற்றம் என் மடிக்கணினியில்தான், 5ஜி போன் ஒன்றை வாங்கி அதிலிருந்து ஹொட்ஸ்பொட் போட்டால் எல்லாம் ஓடும் என்று நானே முடிவுகட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. ஒழுங்கைக்கே 5ஜி பற்றி வகுப்பு எடுத்தவள் இப்போது போய் எப்படிக் கேட்பது? சீட்டுப் பிடித்து வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு, வீட்டில் சொல்லாமல் காத்தான்குடிக்கு பஸ் ஏறினேன்.

நான் போன கடை பெரியது அல்ல. கடைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், தலையில் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. பாட்டு டீச்சர் என்று சொல்லி, 5ஜி போன் வேண்டும் என்றதும் கண்ணாடி அலுமாரியிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். நான் கைப்பையைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அவர் கேட்டார்.

"டீச்சர், குறை நினைக்காதீங்க. இது என்னத்துக்கு ஒங்களுக்கு?"

விற்கிறவர் கேட்கிற கேள்வியா இது? கொஞ்சம் கோபம்கூட வந்தது. "லண்டன் பிள்ளையளுக்குப் பாட்டு வகுப்பு எடுக்க. எங்கட வீட்டில 5ஜி இருக்கு நானா. போன்தான் இல்ல" என்றேன். நானா என்றால் அந்தப் பக்கத்தில் அண்ணன்.

"வீடு எங்க?"

"அமிர்தகழி."

அவர் புருவத்தைச் சுருக்கினார். "அங்கிட்டு டவர்ல 5ஜி இன்னும் வரல்லியே. எங்க பாத்தீங்க?"

"வைஃபையில."

மனிதர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இரிங்க டீச்சர்" என்றார். டவரில் வருகிற 5ஜி என்றால் ஐந்தாவது தலைமுறை. வைஃபை பெயரின் வாலில் இருக்கிற 5ஜி என்றால் அந்தப் பெட்டி அனுப்புகிற அலையின் கணக்கு, ஐந்து கிகாஹெர்ட்ஸ். இரண்டுக்கும் ஒரு சொந்தமும் இல்லை, எழுத்து மட்டும்தான் ஒன்று. அதிர்வு கூடிய அந்த அலை கிட்ட நின்றால் வேகம், சுவர் குறுக்கே வந்தால் களைத்துவிடும் என்றார்.

"எங்கட பின்னறைக்கு ரெண்டு சுவர், நடுவில ஒரு இரும்பு அலுமாரி" என்றேன் ஈனக் குரலில்.

சொல்லும்போதே எனக்கு ஒன்று பளிச்சென்று விளங்கியது. பக்கத்து வீட்டில் கல்யாணம் என்றால் ஸ்பீக்கரின் கீழ்ச்சத்தம் தும் தும் என்று சுவரைத் தாண்டி எங்கள் கட்டில் வரை வரும். பாட்டின் வரி மட்டும் கேட்காது. கீழ்ச் சுருதிக்குச் சுவர் பெரிய தடையில்லை, மேல் சுருதிதான் வெளியிலேயே நின்றுவிடும். இந்த அலையும் அப்படித்தானா என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இவ்வளவு காலமா சனத்துக்கு விளங்கப்படுத்தி எனக்கு வாய் நொந்துபோச்சு. இப்பிடி ஒரு கதை எனக்கு வரல்லியே டீச்சர்!"

அப்படியானால் உண்மையான 5ஜி வந்தால் என்னதான் லாபம் என்று கேட்டேன். அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் முறையாக அதைக் கேட்கிறேன், பாருங்கள். மாமாங்கத் திருவிழா மாதிரிச் சனம் நெருக்குகிற இடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்பினாலும் அடைபடாது, பெரிய படங்கள் கெதியாக இறங்கும் என்றார். "பாட்டு வகுப்புக்கு ஒங்களுக்கு இப்ப இரிக்கிற இணைப்பே மிச்சம். இந்தப் போன வாங்கினா எனக்கு நல்லம். ஒங்கட வீட்ட அது 4ஜி எண்டுதான் காட்டும்."

சொல்லிவிட்டு அந்தப் போனை எடுத்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தார். உள்ளே போய் ஒரு சாம்பல் நிற வயரை அளந்து வெட்டி, இரண்டு பக்கமும் முனை அடித்துக் கொண்டுவந்தார். ஒரு முனை வெள்ளைப் பெட்டிக்கு, மறுமுனை மடிக்கணினிக்கு, வைஃபையே வேண்டாம் என்றார். வெளியே இறங்கும்போது இன்னொன்றும் சொன்னார். "லண்டனுக்குப் போய் வாற நேரம் எண்டு ஒண்டு இரிக்கி டீச்சர். அத எந்த ஜி வந்தும் இல்லாமலாக்க ஏலா."

திரும்பி வந்த பஸ்ஸில் அந்தக் கடைசிச் சொல்தான் என்னைக் குடைந்தது. வயர் போட்டால் வெட்டாது, சரி. ஆனால் என் தட்டு அங்கே போய்ச் சேர ஒரு கணம் பிந்தும். பிள்ளைகளின் குரல் திரும்பி வர இன்னொரு கணம். சேர்ந்து பாடினால் மறுபடியும் எட்டுத் தாளம்தான். கல்லடிப் பாலம் தாண்டும்போது எனக்கு விடை கிடைத்தது. சேர்ந்து பாடினால்தானே கரைச்சல்? கோயில் பஜனையில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் வாங்கிப் பாடுவதில்லையா? பஸ்ஸில் இருந்தபடியே தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து வயரை இழுத்தேன். மச்சாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன கா, 5ஜிக்கு வால் முளைச்சிருக்கு?" என்றாள். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து முழுக்கதையையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவளே மற்ற முனையைப் பிடித்து, அலுமாரிக்குப் பின்னால் புகுந்து, தூசியும் சிலந்தி வலையுமாக வயரைப் பின்னறைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

அடுத்த சனி. திரையில் எட்டு முகங்கள். "என்ர கையைப் பாக்காதீங்க பிள்ளையள். உங்கட தொடையில நீங்களே போடுங்க. நான் ஒரு வரி பாடுவன், முடிஞ்ச பிறகு நீங்க ஒரு வரி" என்றேன். எல்லோருடைய ஒலியையும் அடைத்துவிட்டு, ஒவ்வொருவராகத் திறந்து கேட்டேன். முதல் பிள்ளை தடுமாறியது. இரண்டாவது பரவாயில்லை. ஆறாவதாக ஒன்பது வயதுப் பெண்பிள்ளை. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையையும் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரல் பிசகாமல் போட்டு, வரியைச் சுருதி சுத்தமாகப் பாடி முடித்தாள். பார்த்துத் தட்ட என் கை இல்லாததால் தாளம் அவளுடையதாகவே ஆகிவிட்டது. பாலர் பாடசாலையில் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த காலத்தில்கூட இவ்வளவு கெதியாக ஒரு பிள்ளைக்குத் தாளம் பிடிபட்டதை நான் கண்டதில்லை. கதவோரம் நின்ற மச்சாள் சத்தம் வராமல் கைதட்டினாள்.

வகுப்பு முடிய அந்த அம்மா திரைக்கு வந்தார். "அக்கா, இண்டைக்கு ஒருக்காக்கூட வெட்டேல்லை. இப்ப 5ஜி சரியாக்கிட்டியளோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம், நாக்கு நுனிவரை வந்தது. "இல்லம்மா. எங்கட வீட்டில 5ஜி எண்டைக்குமே இருக்கல்ல. எனக்கு விளங்காமச் சொல்லிட்டன். இது வெறும் வயர்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். தன் வீட்டுப் பெட்டியிலும் அந்த வால் இருக்கிறதாம், அவரும் அதை நம்பித்தான் இருந்தாராம். வருகிற கிழமையிலிருந்து தொடங்கலாம் அக்கா, எட்டுப் பேரும் உங்களிடம்தான் என்றார். தொடர்பு அறுந்ததும் நானும் மச்சாளும் பின்னறையில் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம்.

அந்த ஒரு வகுப்பு இப்போது இரண்டாகிவிட்டது. ஒருநாள் நன்றி சொல்லக் காத்தான்குடிக் கடைக்குப் போனேன். அவர் யாரோ ஒருவருக்குக் கல்யாண வீட்டு ஸ்பீக்கர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "இந்தா, கதைக்குச் சொந்தக்காரி வந்திட்டாங்க" என்று எழும்பி நின்றார். எனக்கு வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன.

எங்கள் பக்கத்துக்கு உண்மையான 5ஜி நாளைக்கு வரும், வரட்டும், நானும் சந்தோசமாக வரவேற்பேன், ஆனால் எந்தப் புதுப் பொருளைக் கண்டாலும் "இது எனக்கு என்னத்துக்கு?" என்று வெட்கப்படாமல் வாய்விட்டுக் கேட்கிற தைரியம் எனக்கு அந்தக் கடைக் கதிரையில்தான் கிடைத்தது, ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பிள்ளைகள் தங்கள் தாளத்தைத் தாங்களே போட்டுப் பாடும்போது அதை நினைத்து என் நெஞ்சு நிமிர்கிறது.