மத்தியானத்தில் படுத்துவிடும் கோடு

எங்கள் தெருவில் முதல் சோலார் எங்கள் வீட்டு மாடியில்தான் ஏறியது. அதற்குக் காரணம் என் வாய். அம்மா ஏரியில் கையால் தடவி இறால் பிடித்துக் கரையேற மத்தியானம் ஆகிவிடும். ஐஸ் வந்து சேர்வதற்குள் பாதி இறால் நிறம் மாறியிருக்கும். வீட்டிலேயே ஒரு ஃப்ரீசர் ஓடினால் அந்தக் கவலை இல்லை. கரன்ட் பில்லுக்குப் பயந்துதான் யாரும் வாங்கவில்லை. சோலாருக்கு அரசாங்கம் மானியம் தருவதைப் படித்துத் தெரிந்துகொண்டு, ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். அந்த மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டார்கள்.

"மொதல்ல உங்க வூட்ல போடு மாப்ள. ஒரு வாரம் ஓடட்டும், பாத்துட்டு நாங்க சொல்றோம்" என்றார் பக்கத்து வீட்டு மாமா.

ஒரு திங்கட்கிழமை காலையில் பேனல்கள் ஓட ஆரம்பித்தன. நான் பொன்னேரியில் வேலைக்குப் போய்விட்டேன். எவ்வளவு கரன்ட் வருகிறது என்று செல்போனிலேயே ஒரு கோடாகப் பார்க்கலாம். காலையில் கோடு அழகாக மேலே ஏறியது. பதினோரு மணிக்குத் தொப்பென்று விழுந்து தரையோடு படுத்துவிட்டது. மூன்று மணிக்குமேல்தான் எழுந்தது. செவ்வாயும் அப்படியே, புதனும் அப்படியே. போட்டவர்களுக்கு போன் செய்தேன். "அங்க வெயில் இருக்கா சார்?" என்று கேட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே தார் ரோடு இளகிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மாமா என் போனை வாங்கிப் பார்த்தார். "இன்னா மாப்ள, உங்க வூட்டு சூரியன் மத்தியானம் தூங்கப் போயிடுதா?"

மறுநாள் சாயங்காலம் மறுபடியும் ஊர்க் கூட்டம். கோடு இப்படியே படுத்துக் கிடந்தால் இனி என் பேச்சை ஊரில் யார் கேட்பார்கள்?

ஞாயிறு காலை போனும் கையுமாக வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்கு மாடிப்படியில் பக்கெட் சத்தம். கொஞ்ச நேரத்தில் கோடு சரிந்தது. மேலே ஓடினேன்.

அப்பாதான். நைனா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடைசிப் பேனலின் மேல் ஈரச்சாக்கை விரித்துக்கொண்டிருந்தார்.

"நைனா! இன்னா பண்றே?"

"இன்னாத்துக்குக் கத்தற? உச்சி வெயில்டா. வெடிச்சிட்டா ஊருக்குள்ள உன் மானம் இன்னா ஆவறது?"

கரையேற்றிய மரப்படகை மத்தியான வெயிலில் வெறுமனே விட்டால் பலகை வெடித்துவிடும். ஈரச்சாக்கு போடுவார்கள். ஃபைபர் படகு வந்த பிறகும் அவருக்கு அந்தக் கைப்பழக்கம் போகவில்லை.

"இது வெயிலத் துன்ற சாமான் நைனா."

அவர் சாக்கையும் பேனலையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ஆறு நாளா பட்டினி போட்டுட்டேனா?"

இரண்டு பேருமாகச் சாக்குகளை உருவினோம். போனை அவர் கையில் கொடுத்தேன். சற்று நேரத்தில் கோடு விறுவிறுவென்று ஏற, "தோ, துன்னுது துன்னுது!" என்றார்.

கூட்டத்தில் நான் வாயைத் திறக்குமுன் நைனா எழுந்துவிட்டார். "சூரியன் ஒண்ணும் தூங்கல. நான்தான் ஈரச்சாக்கு போட்டு வச்சிருந்தேன்."

சிரிப்பு அடங்கவே நேரமானது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. "நானா இருந்தாலும் அதான் பண்ணியிருப்பேன். என் பேரையும் எழுதிக்கோ மாப்ள."

இப்போது அம்மாவின் இறால் ஃப்ரீசரில் இருக்கிறது. மாமா வீட்டில் பேனல் ஏறிய அன்று, பதினோரு மணிக்கு நைனா அந்த மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். யாராவது சாக்கோடு வருகிறார்களா என்று மூன்று மணி வரை காவல்.