அகாதத்தில் மட்டும் பேசமாட்டோம்

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் மலைக்கிராமம் மஞ்சக்குட்டை முழுக்கப் பேசுவார்கள். பேசட்டுமே! கொய்யாக்கூடையோடு ஜீப்பில் இடம் பிடிக்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் பின்படியில் தொங்கிக்கொண்டுதான் மார்க்கெட்டுக்குப் போகவேண்டும். அப்பேர்ப்பட்ட நானே ஒரே ஒரு வளைவில் மட்டும் வாயை மூடிக்கொண்டு வந்தேன். ஆசிக்குக்காகத்தான்.

முகமது ஆசிக் எங்கள் ஜீப் டிரைவர். காலையில் மஞ்சக்குட்டையில் ஆளேற்றி, குப்பனூர் ரோட்டு வழியாகக் கீழே கொண்டுபோய் விடுவான். அவனுடைய அத்தா சையத் இப்ராஹிமும் இதே ரோட்டில்தான் ஜீப் ஓட்டினார். ஓர் ஐப்பசி மழையில், ஆளில்லாத வண்டியோடு தனியாக வந்தவர், ஒரு வளைவில் பள்ளத்துக்குள் போய்விட்டார். வண்டியை மேலே எடுக்கவே முடியவில்லை. மகன் அதே வளைவைக் காலையும் மாலையும் கடக்கிறான். பார்க்கிற நானே அங்கே கூடையை இறுகப் பிடித்துக்கொள்வேன். அவன் மனைவி பர்ஹானாவுக்கு எப்படி இருக்கும்?

அவள்தான் விடாப்பிடியாக அவனைப் பரீட்சைக்குப் படிக்க வைத்தாள். அரசாங்க ஆபீசில் ஒரு கிளார்க் வேலை. கிடைத்தால் ஸ்டியரிங்கை விட்டுவிடலாம். கிடைக்காவிட்டால் இந்த ரோடுதான். "அடுத்த மழைக்குள்ள வண்டிய விட்டு எறங்கிருங்க. அதுக்கு மேல என்னால ஊட்டுல உக்காந்து காத்துக்கிட்டிருக்க முடியாதுங்க" என்று என் முன்னாலேயே அவனிடம் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான்.

கணக்கெல்லாம் அவனுக்கு நன்றாக வந்தது. தமிழ்தான் காலை வாரியது. பயிற்சி வகுப்பில் நூறு வருஷத்துக்கு முந்தைய நாவல் ஒன்றைக் கொடுத்து, இதிலிருந்து சொற்பொருள் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டார்களாம். அந்தக் காலத்து எழுத்து. பாதிச் சொல் வாயிலேயே நுழையாது. படித்தது அன்றன்றைக்கே பறந்துவிடும். கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். வளைவுக்கு ஒரு சொல்.

திரும்பி ஏறும்போது எஞ்சின் முக்கி முனகுமே, அந்த வளைவு ஆயாசம். களைப்பு என்று பொருளாம். சில்வர் ஓக் மரங்கள் அடர்ந்து பட்டப்பகலிலேயே இருட்டாகிவிடும் இடம் அந்தகாரம். சேலத்துப் பையன்கள் பைக்கை நிறுத்திவிட்டு, கூட வந்த பெண்ணோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் இடம் சல்லாபம். அது வந்தால் ஜீப்பே கூவும்.

"மாதம்மாக்கா, சல்லாபம் வந்திருச்சு, கண்ண மூடிக்க" என்பேன் நான்.

"நான் எதுக்குடி மூடோணும்? நல்லாப் பாத்துக்கிட்டுத்தான் வருவேன்" என்பாள் பக்கத்து ஊட்டு மாதம்மாள். ஆசிக் சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லை இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொள்வான்.

அந்தகாரத்துக்கு அடுத்ததுதான் அவன் அத்தா போன வளைவு. அதற்கும் அவனே சொல் வைத்தான்: அகாதம். "அடியே தெரியாத பள்ளம்னு அர்த்தங்க்கா" என்று முதல்நாள் சொன்னான். அப்போதும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பிறகு யாரும் அந்தச் சொல்லை அவன் காதுபடச் சொன்னதில்லை. கூடிப் பேசி முடிவெடுக்கவும் இல்லை. வளைவுக்கு முன்னால் சுண்ணாம்படித்த கல் ஒன்று உண்டு. அது கண்ணில் பட்டதும் ஜீப் கப்சிப் என்று ஆகிவிடும். தகப்பனை விழுங்கிய இடத்தை மகனிடம் கத்திச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

போன வருஷம், பரீட்சைக்கு முந்தின வாரம். விடிய விடிய மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாதி ரோடு வந்தபிறகு பனிமூட்டம் இறங்கியது பாருங்கள், பானெட்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வண்டியைத் திருப்பவும் இடமில்லை. மேலே எங்கேயோ கல் உருளும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

"அக்கா, நான் முன்னாலதான் பாக்க முடியும். ரெண்டு பக்கமும் பாத்து எந்த வளைவுன்னு சொல்லிக்கிட்டே வாங்க" என்றான் ஆசிக். குரலே மாறியிருந்தது.

"சல்லாபம்" என்றாள் மாதம்மாள். யாரும் சிரிக்கவில்லை. "அந்தகாரம்" என்றேன் நான். அவன் ஸ்டியரிங்கை மெல்ல ஒடித்தான். வண்டி ஊர்ந்தது.

என் பக்கத்தில் சுண்ணாம்புக் கல் தெரிந்து மறைந்தது. நான் பார்த்தேன். மாதம்மாளும் பார்த்தாள், என் கையை இறுகப் பிடித்தாள். ஜீப்பில் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. பழக்கம்.

"ஏனுங்க, சத்தத்தையே காணோம்? இன்னும் நேர் ரோடுதானுங்களா?" என்று கேட்டபடி ஆசிக் ஆக்சிலேட்டரை மிதித்தான்.

"அகாதம்! டேய் தம்பி, அகாதம்டா!"

அடித்தொண்டையில் இருந்து கத்தினேன். ஜீப் சறுக்கிக் குறுக்கே நின்றது. கூடை சாய்ந்து கொய்யாக்காய்கள் வெளியே உருண்டன. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தடுப்புச்சுவர் இருக்கவேண்டும். இல்லை. மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. காய்கள் ஒவ்வொன்றாக விளிம்பைத் தாண்டிப் போயின. விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

எல்லோரும் இறங்கினோம். ஆசிக் அந்தக் கல்லின்மேல் கையூன்றி நின்றான்.

"ஏனுங்க்கா சொல்லல?"

"உம் மனசு நோகுமேன்னுதான் கண்ணு."

"அதுக்காவ என்னையும் அத்தாகிட்டயே அனுப்பி வெச்சிருவீங்களா?"

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நான் அழுது மஞ்சக்குட்டை பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தது.

பரீட்சை எழுதிவிட்டான். நொம்ப நல்லா எழுதியிருக்கேங்க்கா என்கிறான். ரிசல்ட் இன்னும் வரவில்லை. இந்த வருஷத்து மழை வந்துவிட்டது. சுவர் இருந்த இடத்தில் மணல்மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் சுண்ணாம்புக் கல் தெரிந்ததும் ஆசிக்தான் முதலில் அந்தச் சொல்லைச் சொல்கிறான், பிறகு நாங்கள் எல்லோரும்.

அவன் வண்டி ஓட்டும்போது போனை எடுப்பதில்லை என்று பர்ஹானா எனக்குத்தான் அடிப்பாள். முன்பெல்லாம் எங்கே வருகிறீர்கள் என்று கேட்பாள். இப்போது ஒரே கேள்விதான்.

"அக்கா, அகாதம் தாண்டிருச்சுங்களா?"

"தாண்டியாச்சு சாமி" என்பேன். சாயங்காலம் திரும்பி ஏறவேண்டும் என்பதை அவளும் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை.